வெண்முகில் நாட்டுச் சந்தா

சாத்தூர் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலாவது கடையாக இருக்கும் கனி ஜெராக்ஸில், ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம், தயிர்ச்சோறும் மோர்மிளகாயும் சாப்பிட்டுக் கைகழுவிய ஈரம் காய்வதற்குள், தவசிலிங்கம் என்கிற நாற்பத்தொன்பது வயது மனிதர் வடக்குச் சுவரை ஒட்டி இருந்த இரண்டாவது கம்ப்யூட்டருக்குள் போய்விட்டார். வேட்டி சட்டையோடுதான் போயிருந்தார், செருப்பு மட்டும் வெளியே கிடந்தது. அவர் மனைவி சண்முகக்கனி அப்போது முன்பக்கத்தில் ஒருவருக்கு வருமானச் சான்றிதழுக்கு விண்ணப்பம் பதிந்துகொண்டிருந்தாள். அதை முடித்து, ஒப்புகைச் சீட்டை எடுத்து அந்த ஆள் கையில் கொடுத்து, "பத்திரமா வச்சுக்கங்க" என்று சொல்லி அனுப்பிவிட்டுத் திரும்பிப் பார்த்தபோது நாற்காலி காலியாக இருந்தது, திரையில் ஓர் ஆறு ஓடியது, ஆற்றங்கரையில் அவர் உட்கார்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்தார். நல்ல நிழலாகப் பார்த்துத்தான் உட்கார்ந்திருக்கிறார் என்று முதலில் நினைத்தாள். கோபம் அதற்கப்புறம்தான் வந்தது.

தெருவில் யாரும் எப்படிப் போனார் என்று கேட்கவில்லை. அந்தத் தெருவில் மூன்று வீட்டுக்கு ஒரு வீட்டில் ஆள் வெளியூரில்தான் இருந்தார். மஸ்கட்டில் கம்பி கட்டுகிறவர் உண்டு, குவைத்தில் சமைக்கிறவர் உண்டு, கப்பலுக்குப் போய் மூன்று வருஷமாகக் குரல் மட்டும் வந்துகொண்டிருக்கிறவரும் உண்டு. ஆகவே சேதி பரவியதும், ஆள் பயணம் போன வீட்டில் வழக்கமாகக் கேட்கிற கேள்விகளைத்தான் ஜனங்கள் கேட்டார்கள். மஸ்கட்காரர் மனைவியான எதிர்வீட்டுப் பாக்கியத்தாய், கடை வாசலில் நின்றபடியே, "செவ்வாக்கெழம வடக்க சூலமாச்சே, பால் குடிச்சிட்டுப் போனாகளா?" என்று கேட்டாள்.

"டீ குடிச்சாக," என்றாள் சண்முகக்கனி.

"டீயில பால் இருக்குல்ல. அப்பச் சரி."

தவசிலிங்கத்தின் அண்ணன் சீனிராசு, ஓய்வுபெற்ற தபால்காரர், மறுநாள் வந்தார். திரையைப் பார்த்தார், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார், சம்பளம் எவ்வளவு என்று கேட்டார். ஒரு நாளைக்கு மூன்று செப்புக்காசு, அது அங்கே மட்டும்தான் செல்லும், இங்கிருந்துதான் மாசாமாசம் அறுநூற்று நாற்பத்தொன்பது ரூபாய் சந்தா கட்டவேண்டும் என்று அவள் சொன்னதும், "புதுசுல அப்படித்தாம்மா இருக்கும், ஏஜெண்டுக்குப் போகும்ல," என்றார்.

எப்படிப் போனார் என்பது சண்முகக்கனி ஒருத்திக்குத்தான் தெரியும், அதுதான் அவளை அரித்தது. அந்த விளையாட்டின் பெயர் வெண்முகில் நாடு. கோட்டையும் சூனியக்காரியும் பறக்கிற பாம்பும் உள்ள, ஆயிரக்கணக்கான பேர் அவரவர் வீட்டுக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்தபடி ஆளுக்கொரு வேஷம் கட்டிக்கொண்டு ஒரே காட்டில் அலைகிற, மாசச் சந்தா விளையாட்டு. தவசிலிங்கம் தீப்பெட்டி ஆபீஸ் என்று ஊரில் சொல்கிற ஒரு தீப்பெட்டித் தொழிற்சாலையில் இருபத்தாறு வருஷம் மேஸ்திரியாக இருந்தவர். ஆபீஸை மூடியபின் மனைவியின் கடையில் பின்பக்க நாற்காலியில் வந்து உட்கார்ந்தவர், எட்டு மாசம் சும்மாவே உட்கார்ந்திருந்துவிட்டு, ஒருநாள் இந்த விளையாட்டின் விண்ணப்பத்தைத் திரையில் காட்டி, "இந்தா, இத நெரப்பிக் குடு" என்றார். அந்த விண்ணப்பத்தில் ஊரில் உள்ளவர்கள் எல்லாம் இஷ்டத்துக்கு ஒரு பெயரைப் போடுவார்கள். சிங்கமுகன் என்பார்கள், இருட்டுக்கோட்டை இளவரசன் என்பார்கள், மின்னல்வாள் என்பார்கள். சண்முகக்கனி பதினோரு வருஷமாக ஊருக்கே விண்ணப்பம் நிரப்புகிறவள், ஓர் எழுத்து மாறினாலும் திருப்பி அனுப்பிவிடுவார்கள் என்ற பயத்திலேயே விரல் தேய்ந்தவள். பெயர் என்ற கட்டத்தில் ஆதாரில் உள்ளபடி இன்ஷியலோடு பெ. தவசிலிங்கம் என்று அடித்தாள், சொந்த ஊர் என்ற கட்டத்தில் கதவு எண்ணிலிருந்து பின்கோடு வரைக்கும் போட்டாள், முகத்தைத் தேர்ந்தெடு என்று ராஜா முகமும் பூதத்தின் முகமும் காட்டிய இடத்தில் அதையெல்லாம் தள்ளிவிட்டு அவருடைய பாஸ்போர்ட் சைஸ் போட்டோவை ஏற்றினாள். பொய்ப்பேர் கொடுத்தவர்களுக்குப் பொய் உருவம் உள்ளே போனது, எல்லாம் சரியாக நிரப்பிய விண்ணப்பத்துக்கு ஆளே உள்ளே போய்விட்டார். ஒரு பிழையும் இல்லாமல் நிரப்பியதுதான் பிழை.

ஊர் அதற்குள் பழகிவிட்டது. டீக்கடையிலிருந்து பதினொரு மணிக்கு வழக்கம்போல் இரண்டு டீ வந்தது, ஒன்றை அவளிடமும் ஒன்றைத் திரைக்கு முன்னாலும் வைத்துவிட்டு இரண்டுக்கும் காசு வாங்கிக்கொண்டு போனார்கள். கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்தவர்கள் தாம்பாளத்தைத் திரையின் பக்கம் நீட்டி, "அவசியம் வந்துரணும்" என்றார்கள். ரேஷன் கடைக்காரர், குடும்பத்தலைவர் வெளியூரில் இருந்தாலும் பாமாயில் குறையாது என்று அவள் கேட்காமலே சொன்னார். ஜெராக்ஸ் எடுக்க வந்தவர்கள் தாள் வருகிற நேரத்தில் எட்டிப் பார்த்து, இன்றைக்கு மீன் விழுந்ததா என்று விசாரித்தார்கள், உடம்பு தேறியிருக்கிறது என்றார்கள், தண்ணீர் ஒத்துக்கொண்டிருக்கிறது என்றார்கள், இப்படி ஆற்றங்கரையில் உட்கார்ந்திருக்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும் என்றார்கள், மொத்தத்தில் அருமையான விளையாட்டு, கொடுக்கிற காசுக்குத் தகும் என்று ஒரே மனதாக முடிவு செய்தார்கள். காசு கொடுக்கிறவளை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"நீயாவது தெனம் மொகத்தப் பாக்குற," என்பாள் பாக்கியத்தாய். "எனக்கு வெள்ளிக்கெழமதான், அதுவும் போன்ல."

"மொகமா? முதுகுதான் தெரியுது," என்றாள் சண்முகக்கனி.

அது உண்மை. அவர் திரும்பவே மாட்டார். காலையில் கடையைத் திறந்து, விளக்கேற்றி, மைக்கை வாயருகே இழுத்து, "இந்தாங்க" என்று கூப்பிடுவாள். இருபத்தொரு வருஷமாக அப்படித்தான் கூப்பிட்டிருக்கிறாள். இந்தாங்க, கேஸ் வந்திருக்கு; இந்தாங்க, கரண்டு பில்; இந்தாங்க, உங்கண்ணன் வந்திருக்காக. பேர் சொன்னால் அவருக்கு ஆயுசு குறையும் என்று கல்யாணத்தன்றைக்குச் சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதை அவள் நம்பினாளா என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, ஆனால் சோதித்துப் பார்க்கிற விஷயமா அது. விண்ணப்பத்தில் விரலால் அடிக்கலாம், அது வேலை; நாக்கால் சொல்லக்கூடாது. ஒருமுறை அவருக்குக் காய்ச்சல் கண்டு ஆஸ்பத்திரிக்குப் போனபோது சீட்டு எழுதுகிற பெண் பேர் என்ன என்று கேட்க, "ஆடி மாசம் சங்கரங்கோயில்ல என்ன விசேசம்? அதோட கோயிலுக்குள்ள இருக்கிற சாமியச் சேத்துக்கம்மா" என்றாள். அந்தப் பெண்ணும் ஆடித்தவசோடு லிங்கத்தைச் சேர்த்துத் தவசிலிங்கம் என்று எழுதினாள். இப்போது மைக்கில் எத்தனை இந்தாங்க சொன்னாலும் ஆற்றங்கரை முதுகு அசையவில்லை.

இரண்டாவது மாச முடிவில் கம்பெனியிடமிருந்து தகவல் வந்தது: வரும் மாசம் முதல் சந்தா எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது. சண்முகக்கனி உதவி எண்ணுக்குப் போன் போட்டாள். ஒரு பெண் குரல் பேசியது.

"கட்டலைன்னா என்னாகும்?"

"அக்கவுண்ட் உறைஞ்சிடும் மேடம். எந்த நிலையில இருக்காங்களோ அப்படியே நின்னுடுவாங்க."

"ஆளு உள்ள இருக்காரும்மா."

"எல்லாரும் உள்ளதான் மேடம் இருக்காங்க," என்றது குரல், சலிப்பே இல்லாமல். "வேணும்னா நீங்களும் வந்து பாருங்க. புதுசா வர்றவங்களுக்கு ஏழு நாள் இலவசம். பிடிச்சிருந்தா சந்தா கட்டலாம்."

சண்முகக்கனி போனை வைத்தாள். கட்டினால் காலம் முழுக்கக் கட்டவேண்டும், கட்டாவிட்டால் மனிதர் தூண்டிலும் கையுமாகச் சிலையாக நிற்பார். தேங்காய் வாங்கினால் தட்டிப் பார்த்து, ஆட்டிப் பார்த்து, வீட்டுக்குக் கொண்டுபோய் உடைத்து அழுகலாக இருந்தால் இரண்டு மூடியையும் எடுத்துக்கொண்டு கடைக்கே திரும்பிப் போகிறவள் அவள். அப்படி என்னதான் இருக்கிறது அந்த நாட்டில், இதற்கு இவ்வளவு கொடுப்பது தகுமா தகாதா என்று நானே போய்ப் பார்க்கிறேன் என்று முன்பக்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து அந்த விண்ணப்பத்தைத் திறந்தாள். இந்தமுறை ஏமாறவில்லை. பெயர் என்ற கட்டத்தில் சுண்டக்காய் என்று அடித்தாள். சொந்த ஊர் என்ற கட்டத்தில் தெரியாது என்று அடித்தாள். ஆகவே அவள் நாற்காலியிலேயே இருந்தாள், தலைக்கு மேல் சுண்டக்காய் என்று எழுதிய ஒரு குட்டைப் பெண் மட்டும் உள்ளே போய் நின்றாள்.

முதல் நாள் ஊர்த்தலைவன் ஒருவன் வந்து, நாட்டைக் காக்கப் பிறந்தவளே, பத்துக் கட்டு விறகு கொண்டுவா என்றான். கொண்டுபோய்ப் போட்டாள். நாட்டைக் காக்கப் பிறந்தவளே, இன்னும் பத்துக் கட்டு கொண்டுவா என்றான். இரண்டாம் நாள் கிணற்றிலிருந்து தண்ணீர் இறைத்துக் கோட்டை வரைக்கும் சுமக்கச் சொன்னார்கள், கோட்டைக்காரி குடத்தை வாங்கிக் கொட்டிவிட்டு வெறுங்குடத்தைத் திருப்பிக் கொடுத்தாள். மூன்றாம் நாள் காட்டுப்பன்றி அடித்தாள். இருபது அடித்து முடித்துத் திரும்பினால் அதே இருபதும் அதே இடத்தில் மேய்ந்துகொண்டிருந்தன, சாயங்காலம் கழுவிவைத்த பாத்திரம் காலையில் தொட்டியில் கிடக்கிற மாதிரி. இடையிடையே நிஜமாகவே ஆட்கள் வந்து விண்ணப்பம் பதியச் சொன்னார்கள், நிஜமாகவே ஜெராக்ஸில் தாள் சிக்கியது, ஒரு கையால் தாளை உருவிக்கொண்டே மறுகையால் பன்றி அடித்தாள்.

"வெறகு, தண்ணி," என்று பாக்கியத்தாயிடம் குமுறினாள். "இத நான் வீட்டுல சும்மாதானடி செய்றேன். காசு குடுத்து எவளாவது செய்வாளா? பறக்குற பாம்புன்னாக, ஒரு புழுவக்கூடக் காணும்."

"அதெல்லாம் இன்னும் மேல போனா வருமாம்ல," என்றாள் பாக்கியத்தாய். மஸ்கட்டிலும் முதல் வருஷம் அப்படித்தான் சொன்னார்களாம்.

நாலாம் நாள் முழுக்க மலை ஏறினாள். ஐந்தாம் நாள் ஆறு வந்தது. ஆற்றங்கரையில் முப்பது நாற்பது பேர் தூண்டில் போட்டு உட்கார்ந்திருந்தார்கள், ஒவ்வொருவர் தலைக்கு மேலும் அவரவர் பெயர் மிதந்தது, நடுவில் பெ. தவசிலிங்கம் என்று இன்ஷியலோடு ஒரு பெயர். சண்முகக்கனி அவர் முதுகுக்குப் பின்னால் போய் நின்று, மைக்கை இழுத்து, வயிற்றிலிருந்து ஒரு "இந்தாங்க" போட்டாள். பதினேழு பேர் திரும்பினார்கள். சிங்கமுகன் "வாரேன், வாரேன்" என்றான், இருட்டுக்கோட்டை இளவரசன் "என்னம்மா, கேஸா?" என்றான், நாலைந்து பேர் அப்படியே அசையாமல் நின்றுவிட்டார்கள். திண்டுக்கல்லிலும் தேனியிலும் திருச்செந்தூரிலும் அவரவர் வீட்டில் எழுந்து அடுப்படிக்கே போய்விட்டார்கள் என்று பிறகு தெரிந்தது. திரும்ப வேண்டியவர் ஒருத்தர் மட்டும் திரும்பவில்லை.

பக்கத்தில் இருந்த மின்னல்வாள் இரக்கப்பட்டு, "அக்கா, நாங்கல்லாம் வெளிய உக்காந்து ஆடுறவங்க, எங்களுக்கு எதச் சொன்னாலும் கேக்கும்," என்றது. "உள்ளயே இருக்கிறவருக்குப் பேரச் சொன்னாத்தான் கேக்கும். அதுக்குத்தான தலைக்கு மேல போட்டிருக்கு?"

ஆறாம் நாள் அவள் கூப்பிடாமல் பார்த்துக்கொண்டே நின்றாள். பார்த்ததும்தான் விளங்கியது. "தவசிலிங்கம் அண்ணே, புழு இருக்கா?" என்றான் ஒருவன், அவர் முகம் முழுக்கத் திரும்பிச் சிரித்தார். "தவசிலிங்கம், அந்த வலையக் குடுப்பா" என்றான் இன்னொருவன், ஓடிப்போய்க் கொடுத்தார். "நம்ம தவசிலிங்கத்துகிட்டக் கேளுங்க, எந்த மடுவுல என்ன மீனுன்னு சொல்வாரு" என்றார்கள். அவள் எண்ணிப் பார்த்தாள். தீப்பெட்டி ஆபீஸில் அவர் மேஸ்திரி. தெருவில் கனி ஜெராக்ஸ் வீட்டுக்காரர். வீட்டில் இந்தாங்க. அண்ணனுக்கு அவர் தம்பி, தம்பி என்றுதான் அழைப்பு. அந்தப் பெயரை ஒரு மனித வாய் சொல்லிக் கடைசியாக அவர் எப்போது கேட்டிருப்பார் என்று அவளுக்கு ஞாபகம் வரவில்லை. அவளுடைய பெயரோ பத்தடி நீளத்துக்குக் கடை வாசலில் பெயின்டில் தொங்கியது. இரக்கம் வந்தது, இரக்கத்தின் பின்னாலேயே இன்னும் பெரிய எரிச்சல் வந்தது. இதைச் சொல்ல வாயில்லையா இந்த மனிதருக்கு.

ஏழாம் நாள் வெள்ளிக்கிழமை. மத்தியானம் ஒரு மணிக்கு அவளுடைய இலவசமும் முடிகிறது, அவருடைய சந்தாவும் முடிகிறது. காலையிலேயே தெரு முழுக்கக் கடையில் கூடிவிட்டது. சீனிராசு, நான் பெரியவன், நான் கூப்பிடுகிறேன் என்று பின்பக்கக் கம்ப்யூட்டரின் மைக்கைப் பிடித்து, வழக்கத்தை விட்டு முழுப்பெயராக, "தவசிலிங்கம்" என்றார். அவர் உடனே திரும்பிவிட்டார்.

"என்னண்ணே, நல்லா இருக்கீகளா? மைனி நல்லா இருக்காகளா?"

"வீட்டுக்கு வாப்பா. ஒரு மணிக்கு மேல ஒறஞ்சு போவியாம்."

தவசிலிங்கம் தூண்டிலைப் பார்த்தார். "கூப்பிட வேண்டியவ கூப்பிடலையேண்ணே," என்றார். "ரெண்டு மாசமாச்சு. ஒரு சத்தம் இல்ல. சரி, தேவையில்ல போலன்னு இருந்துட்டேன்." சொல்லிவிட்டு மறுபடியும் ஆற்றுப் பக்கம் திரும்பிக்கொண்டார்.

கடையில் இருந்த அத்தனை முகமும் சண்முகக்கனியின் பக்கம் திரும்பியது. கூப்பிடலையாமில்ல என்றார் டீக்கடைக்காரர். ஒரு வார்த்தை கூப்பிட்டிருக்கலாம் என்றார் ரேஷன் கடைக்காரர். ரெண்டு மாசமாகத் தொண்டை கட்டக் கட்டக் கூப்பிட்டவளுக்கு வருவது அழுகையா கோபமா என்று தெரியவில்லை. சீனிராசு கடிகாரத்தைப் பார்த்து, ராகுகாலம் பன்னிரண்டுக்குத்தான் முடிகிறது, அதுவரைக்கும் யாரும் வாயைத் திறக்கக்கூடாது என்றார். ஆகவே ஒன்றரை மணி நேரம் எல்லோரும் நின்றார்கள், பேர் சொல்லலாமா கூடாதா என்று தங்களுக்குள் விவாதித்தார்கள், சுடிதார் போட்ட பிள்ளைகள் எல்லாம் இப்போது புருஷனை வாடா போடா என்கிறார்கள், ஒன்றும் ஆகவில்லை என்றார் ஒருவர், அது பட்டணத்துக்கு என்றார் இன்னொருவர். ஆயுசு குறைவது பெரிசா, உறைந்துபோவது பெரிசா என்று பாக்கியத்தாய் கேட்டபோது எல்லோரும் கடிகாரத்தைப் பார்த்தார்கள்.

பன்னிரண்டு அடித்தது. சண்முகக்கனி, சுண்டக்காயை ஆற்றங்கரையில் நிறுத்தியிருந்த முன்பக்கக் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மைக்கை இழுத்தாள். தாலியை ஒரு கையில் பிடித்துக்கொண்டாள். இரண்டு தடவை காற்றுத்தான் வந்தது, மூன்றாவது தடவை வந்துவிட்டது.

"தவசிலிங்கம்."

அவர் திரும்பினார். சுண்டக்காய் என்று தலைக்கு மேல் எழுதிய குட்டைப் பெண்ணை மேலும் கீழும் பார்த்தார்.

"யாரும்மா நீ?"

"நாந்தான்."

"நாந்தான்னா?"

"நாந்தான். கனி."

தவசிலிங்கத்தின் முகம் மாறியது. தூண்டிலை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனார். "எம் பொண்டாட்டி எம்பேரச் சொல்ல மாட்டா," என்றார். "செத்தாலும் சொல்ல மாட்டா. இந்தக் காட்டுல சூனியக்காரி தெரிஞ்சவுக கொரல்ல கூப்பிடுவான்னு சொல்லியிருக்காக. போ, போயிரு."

சொல்லாதவரைக்கும் கேட்கவில்லை, சொன்னால் நம்பவில்லை, எந்த மனுஷி எந்தச் சுவரில் போய் முட்டிக்கொள்வாள். ஏழு நாள் சுமந்த விறகும் தண்ணீரும், இருபத்தொரு வருஷத்து இந்தாங்கவும் ஒன்றாகப் பொங்கி வந்தன.

"தவசிலிங்கம், விருதுநகர் ரயில்ல என் குடைய விட்டுட்டு வந்துட்டு மழையே பெய்யலன்னு சொன்னீகளே, சூனியக்காரிக்குத் தெரியுமா அது? தவசிலிங்கம், மிக்ஸி ஜாரக் கீழ போட்டு ஒடச்சு அரிசி டின்னுக்குப் பின்னால ஒளிச்சு வச்சிருக்கீகளே, அதச் சூனியக்காரியா எடுத்துக் கழுவி வச்சா? வெறகு வெட்டி, தண்ணி தூக்கி, ஒரு மலை ஏறி வந்து நிக்கிறேன் தவசிலிங்கம், யாருன்னு கேக்குற. ஆபீஸ மூடுனதுக்கு அப்புறமும் பன்னெண்டு நாளு டிபன் பாக்ஸத் தூக்கிட்டுப் போனியே. ரயில்வே ஸ்டேஷன் பெஞ்சில உக்காந்து தின்னுட்டு அஞ்சரைக்கு வீட்டுக்கு வந்தியே. எனக்குத் தெரியாதுன்னா நெனச்ச, தவசிலிங்கம்?"

பாக்கியத்தாய் வாயைப் பொத்திக்கொண்டாள். மரியாதை எந்த இடத்தில் கழன்று விழுந்தது என்று சண்முகக்கனிக்கே தெரியவில்லை.

"தெரியுமா?" என்றார் தவசிலிங்கம்.

"மொத நாளே தெரியும். அதுக்கப்புறம் ரெண்டு கரண்டி சோறு கூடத்தான் வச்சேன்."

"ஏன் கேக்கல?"

"என்னன்னு கூப்பிட்டுக் கேக்குறது," என்றாள்.

அவர் தூண்டிலைச் சுருட்டினார், பக்கத்தில் இருந்தவனிடம் கொடுத்தார், கரையில் கிடந்த துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். ஒரு மணிக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது பின்பக்க நாற்காலியில் வந்து உட்கார்ந்து, ஈரக்காலால் செருப்பைத் தேடினார். வேட்டி முழங்கால்வரை நனைந்திருந்தது. மைக்கில் அவ்வளவு பேசியவள், கால் துடைக்க ஒரு பழைய துணியை எடுத்துப்போட்டாள்.

தெரு, ஊருக்கு வந்தவரை விசாரிக்கிற மாதிரி விசாரித்தது. என்ன கொண்டுவந்தீர்கள் என்று கேட்டார்கள். மூன்று செப்புக்காசும் ஒன்றரைக் கிலோ மீனும் கொண்டுவந்திருந்தார். சண்முகக்கனி மீனை அன்றைக்கே குழம்பு வைத்தாள்; எவ்வளவு புளி ஊற்றியும் எவ்வளவு உப்புப் போட்டும் அதில் எதுவும் ஏறவில்லை, பார்க்க மீனாகத்தான் இருந்தது, வாயில் வைத்தால் வெந்நீர். திரும்ப எப்போது பயணம் என்றும் கேட்டார்கள். அதற்குத் தவசிலிங்கம் மனைவியைப் பார்த்தார், அவள் அரிவாள்மனையைப் பார்த்தாள்.

மறுநாள் காலை அவள் சந்தாவை ரத்து செய்ய உட்கார்ந்தாள். அத்தனை சுலபமாக விடுவார்களா. போகவேண்டாம், பாதி விலைக்குத் தருகிறோம் என்றார்கள், ஒரு மாசம் இலவசம் என்றார்கள், உறுதியாகவா, நிஜமாகவே உறுதியாகவா என்று நாலு பக்கம் கேட்டார்கள். கடைசிப் பக்கத்தில் ஒரு பெரிய கட்டம் இருந்தது. எங்கள் சந்தா கொடுத்த பணத்துக்குத் தகுந்ததா? உங்கள் கருத்தை எழுதவும். இரண்டு மாசமாக அவளிடம் யாரும் கேட்காத கேள்வி. சண்முகக்கனி கண்ணாடியை ஏற்றிவிட்டுக்கொண்டு, சர்க்காருக்கு எழுதுகிற தமிழில் அடித்தாள்.

தகாது. விறகு வெட்டு, தண்ணீர் எடு என்று வீட்டு வேலையையே பணம் வாங்கிக்கொண்டு கொடுக்கிறீர்கள். பன்றிகள் சாவதில்லை. மீனில் உப்புப் பிடிக்கவில்லை. பறக்கும் பாம்பைக் கடைசிவரை கண்ணில் காட்டவில்லை. தங்களிடம் உருப்படியாக இருப்பது ஒன்றே ஒன்று, ஆளின் தலைக்கு மேல் அவன் பெயரை எழுதி, அதைச் சொல்லிக் கூப்பிட நாலு பேரையும் வைத்திருக்கிறீர்கள். அதற்கு மாதம் எண்ணூற்றுத் தொண்ணூற்றொன்பது ரூபாய் மிக அதிகம். அதை வீட்டிலேயே இலவசமாகக் கொடுத்திருக்கலாம். நான் கொடுக்கவில்லை.

கீழே பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. சுண்டக்காய் என்று போட்டு அனுப்பினாள். ஒப்புகைச் சீட்டு எடுக்கலாம் என்று பார்த்தால் பிரிண்டரில் தாள் இல்லை.

"இந்தாங்க, தாள் வைங்க," என்றாள், திரும்பாமலே.

பின்பக்கத்திலிருந்து சத்தமே இல்லை. அவர் காலியாக இருந்த திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாசலில் ஜெராக்ஸ் எடுக்க மூன்று பேர் நின்றார்கள், டீக்கடைக்காரர் இரண்டு டீயோடு வந்துகொண்டிருந்தார். சண்முகக்கனி கண்ணை மூடி ஒரு பெருமூச்சு விட்டாள்.

"தவசிலிங்கம்."

"என்ன, கனி?" என்று முழு முகமாகத் திரும்பினார்.

"தாளு."

எழுந்து வந்து தாள் வைத்தார். அவள் எழுதிய கருத்து முழுக்க அச்சாகிச் சீட்டு வந்தது. அவர் அதைக் கையில் எடுத்து, நின்ற இடத்திலேயே முதல் வரியிலிருந்து கடைசி வரிவரை படித்தார், படித்து முடித்தபின்னும் தாளைப் பார்த்துக்கொண்டே நின்றார். அவள் அடுத்த ஆளின் விண்ணப்பத்தைத் திறந்தபடி, வந்தவர்களிடம் எல்லாம் சொல்வதைத்தான் அவரிடமும் சொன்னாள்.

"பத்திரமா வச்சுக்கங்க."